பாதுகாப்பான் சேர்த்தது

முதியோர் இல்லத்தில் தண்ணீரை ஒழித்த நாளில் எல்லாருக்கும் இனிப்பு கொடுத்தார்கள்.

குடிக்கிற தண்ணீரை ஒழிக்கவில்லை. அந்த அளவுக்கு அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அது சமையலறையிலிருந்து மூடி போட்ட சின்னக் கோப்பைகளில் வந்துகொண்டுதான் இருந்தது. குளிப்பாட்ட, துடைக்க, கழுவ என்று இருந்த தண்ணீரைத்தான் ஒழித்தார்கள். குளியலறைக் குழாய்களின் வாயில் வெள்ளைத் துணியைக் கட்டி, முடிச்சின்மேல் அரக்கு வைத்தார்கள். பின்கட்டில் இருந்த பெரிய குழாய்க்குப் பூட்டு. பூட்டைப் போட்டவர் தலைமைத் தூய்மையர்.

தலைமைத் தூய்மையர் என்பது ஒரு பதவி. இல்லத்தை நடத்திய தூய்மைப் பேரவையில் துணைத் தூய்மையர், இணைத் தூய்மையர், பயிற்சித் தூய்மையர் என்று பலர் இருந்தார்கள். கூட்டுகிறவர்கள், துடைக்கிறவர்கள், மூத்திரத் துணி மாற்றுகிறவர்கள் யாருக்கும் அந்தப் பெயர் கிடையாது. அவர்கள் பணியாளர்கள். தூய்மையர் ஆவதற்கு முதல் தகுதி எதையும் தொடாமல் இருப்பது.

"தண்ணின்னா என்ன? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க" என்று தலைமைத் தூய்மையர் ஒலிபெருக்கியில் கேட்டார். "அது எங்கேர்ந்து வருது, வழியில யார் யாரைத் தொட்டுட்டு வருதுன்னு நமக்குத் தெரியுமா? தெரியாது. ஆனா இதைப் பாருங்க." ஒரு பளபளப்பான பொட்டலத்தைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். "ஈரத்துணி. தொழிற்சாலையில செஞ்சது. ரெண்டு வருஷம் ஆனாலும் ஈரம் காயாது. கெடாது, நாறாது, பூஞ்சை பிடிக்காது. இந்த யோக்கியதை மனுஷனுக்கு உண்டா? செத்தா மறுநாளே நாறிடுறான்!"

மேடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். முன்வரிசையில் சக்கர நாற்காலிகளில் இருந்த முதியவர்களில் காது கேட்டவர்கள் சிரிக்கவில்லை.

பின்வரிசையில் நின்ற பணியாளர்களில் ஒருத்திக்குப் பொறுமையக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஆனால் யாரைப் புரட்டிப் படுக்க வைத்தாலும், யாருக்கு வாயில் ஊட்டினாலும், "பொறுமையா, பொறுமையா" என்று சொல்லிக்கொண்டே செய்வாள், அதுவே பெயராகிவிட்டது. கீழ்த்தளத்தில் ஆண்கள் கூடம் அவளுடையது. காலையில் கூடத்துக்குள் நுழையும்போது கண்ணை மூடி ஒரு நிமிடம் நிற்பாள். அந்த ஒரு நிமிடத்தில் அவள் யாரிடம் என்ன கேட்டாள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு அவள் கை பட்ட இடத்தில் வலி கொஞ்சம் குறைந்ததாகவே படுத்திருந்தவர்கள் சொன்னார்கள்.

இனிப்பைத் தின்று முடித்த கையோடு அவளுக்கும் ஒரு கட்டுப் பொட்டலங்கள் வந்து சேர்ந்தன. பொடி எழுத்துகளைக் கூட்டிக் கூட்டி வாசிப்பது அவள் வழக்கம். பின்பக்கம் இருந்த வரியை விரல் வைத்து வாசித்தாள். 'பாதுகாப்பான் சேர்த்தது.'

அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எத்தனையோ கம்பெனிகள் எதையெதையோ அச்சடிக்கின்றன. இவர்கள் மட்டும்தான் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறார்கள்: பாதுகாப்பான். அவனையே சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். பொட்டலத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அழுக்குத் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த சலவைக்காரர் நின்று பார்த்தார். "என்னக்கா, கைத்துடைப்பானைப் போயி கும்பிடுற?"

"பாருப்பா, மேல இருக்கிறவன் பாதுகாப்பான்னு போட்டிருக்காங்க."

சலவைக்காரர் அண்ணாந்து பார்த்தார். அந்தக் கூடத்துக்கு நேர் மேலே தலைமைத் தூய்மையரின் அறை இருந்தது. "மேல இருக்கிறவரா? எனக்கு நம்பிக்கை இல்லக்கா" என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

முதலில் எல்லாம் நன்றாகவே இருந்தது. துணியில் ஒரு பூவாசனை வந்தது. எந்தப் பூ என்றுதான் யாராலும் சொல்ல முடியவில்லை. வாளி தூக்க வேண்டாம், தரை வழுக்காது. பொறுமையக்கா காலையிலிருந்து மாலை வரை துணி துணியாக உருவி முகம், கழுத்து, அக்குள், முதுகு, தொடையிடுக்கு என்று துடைத்தாள். அப்புறம் கைமேல் பலன் கிடைத்தது.

விரல்களின் நடுவே முதலில் ஒரு குறுகுறுப்பு. அடுத்து, கடுகை அள்ளித் தூவியதுபோல நீர்க்கொப்புளங்கள். சொறிந்தால் உடைந்தன, உடைந்த இடத்தில் பிசுபிசுவென்று நீர் கசிந்து, காய்ந்து, தேன்நிறத்தில் பொருக்குத் தட்டியது. பொருக்கு உதிர்ந்தால் அடியில் தோல் வெடித்து, கோடை வயல்போலப் பிளந்து கிடந்தது. மணிக்கட்டில் சட்டைக்கை உரசினால் உயிர் போய் வந்தது. வீட்டில் உப்பு ஜாடியில் கை வைக்க முடியவில்லை.

தன்னிடம்தான் ஏதோ குறை என்று அவள் நினைத்தாள். பாதுகாப்பான் என்று அச்சடித்துக் கொடுத்த பிறகும் இப்படி ஆகிறதென்றால், கும்பிட்டதில்தான் பிழை இருக்க வேண்டும். அதனால் இரண்டு துணியை அதிகமாக உருவித் தன் கைகளையும் நன்றாகத் துடைத்துக்கொண்டாள்.

அவள் கணவர் தையல்காரர். எதையும் தைத்துச் சரிசெய்துவிடலாம் என்ற நம்பிக்கை உள்ளவர். பாத்திரம் கழுவுவதைத் தன் வேலையாக்கிக்கொண்டார். பழைய பருத்தித் துணியைத் துவைத்து, தையல் உள்ளே உரசாதபடி வெளிப்பக்கமாக மடித்து, அவளுக்கு ஒரு ஜோடிக் கையுறை தைத்தார்.

"இதைப் போட்டுக்கிட்டு வேலை பாரு."

"திட்டுவாங்களே."

"தைச்சவனைத் திட்டச் சொல்லு. கடைக்கு வந்து திட்டட்டும். அப்படியே ஆளுக்கொரு சட்டைக்கு அளவு எடுத்து அனுப்புறேன்."

அவளால் சிரிக்க முடிந்தது. ஆனால் மறுநாள் கூடத்துக்குப் போய் டிரைவர் ஐயாவின் சட்டையைக் கழற்றியபோது அந்தச் சிரிப்பு எங்கேயோ ஓடிவிட்டது.

டிரைவர் ஐயா ஒரு காலத்தில் பேருந்து ஓட்டியவர். பக்கவாதம் வந்து கையையும் காலையும் பேச்சையும் எடுத்துக்கொண்டு, போகும்போது ஒரே ஒரு சொல்லை மட்டும் அவரிடம் விட்டுவிட்டுப் போயிருந்தது. "சரி." பசிக்கிறதா என்றாலும் சரி, வலிக்கிறதா என்றாலும் சரி, வெயில் முகத்தில் அடிக்கிறதா என்றாலும் சரி. அந்தச் 'சரி'யைச் சொல்லும்போது அவர் கண்ணைப் பார்த்துத்தான் அது ஆமாவா இல்லையா என்று பொறுமையக்கா கண்டுபிடிப்பாள். அன்று அவர் முதுகு, கழுத்திலிருந்து இடுப்புவரை, தோல் உரித்த இறைச்சிபோலச் சிவந்து கிடந்தது. இடுக்குகளில் நீர் கசிந்து நாறியது. படுக்கை விரிப்பு முதுகோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அவரால் சொறியக்கூட முடியாது. கை வராது. படுத்த இடத்திலேயே முதுகை மெத்தையில் தேய்த்துத் தேய்த்து, மெத்தை உறையையே கிழித்து வைத்திருந்தார்.

வாரம் ஒருமுறை வருகிற டாக்டரிடம் அவரைக் காட்டினாள். தன் கையையும் காட்டினாள். டாக்டர் சின்ன வயது. பேசுவதைவிடக் கேட்பது அதிகம். எது ஆகவில்லை என்று பார்க்க, ஆளுக்கொரு மருந்து தடவிய சின்னச் சின்ன ஒட்டுகளை அவள் முதுகில் ஒட்டி அனுப்பி, அடுத்த முறை வந்து பிரித்துப் பார்த்தார். ஒரே ஒரு ஒட்டு இருந்த இடம் மட்டும் காசு அளவுக்குச் சிவந்து, தடித்து, பொரிந்திருந்தது.

"இது சொறிசிரங்கு இல்லம்மா. ஒவ்வாமை. அந்தத் துணி கெட்டுப்போகாம இருக்க ஒரு மருந்து சேர்க்கிறாங்க. அது உங்க தோலுக்கு ஆகல. அவர் தோலுக்கும் அதேதான்னு நினைக்கிறேன்."

"என்ன மருந்துங்க?"

டாக்டர் ஒரு பெயரைச் சொன்னார். அது மெத்தில் என்று தொடங்கி, மூச்சு முட்டுகிறவரை போய், எங்கேயோ முடிந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "தமிழ்ல பாதுகாப்பான்னு போட்டிருப்பாங்க" என்றார்.

பொறுமையக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அது... சாமி இல்லீங்களா?"

டாக்டர் சிரிக்கவில்லை. நல்ல பிள்ளை. "இல்லம்மா. அது ஒரு ரசாயனம்."

"அப்ப அது யாரைப் பாதுகாக்கும்?"

"துணியை."

"எங்களை?"

"உங்களை அது கணக்குலயே எடுத்துக்கலம்மா."

வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். இந்த வேலிக்கு அந்தப் பாவம்கூட இல்லை. அது தன்னைத்தானே காத்துக்கொண்டிருந்தது. பயிர் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது.

டிரைவர் ஐயாவின் முதுகைத் தண்ணீரால் மட்டும் துடைக்க வேண்டும், துணியை உடனே நிறுத்த வேண்டும் என்று டாக்டர் பேரவையிடம் போய்ச் சொன்னார். பேரவை அவர் சொன்னதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டது. பிறகு, அவருக்குப் பேரவையின்மேல் ஒவ்வாமை இருப்பதாகக் கண்டறிந்தது. எது ஆகவில்லையோ அதைவிட்டு விலகியிருப்பதே வைத்தியம் என்று அவரே சொல்லியிருந்ததால், அவர் நலன் கருதி மறுவாரத்திலிருந்து அவர் வர வேண்டாம் என்று முடிவாயிற்று.

அவருக்குப் பதில் ஒரு அம்மையார் வந்தார். அவர் டாக்டர் அல்ல. உணர்வுத் திருத்த அலுவலர். கூடத்துக்குள் வந்ததும் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, பணியாளர்களை வரிசையில் நிறுத்தினார்.

"உங்களுக்கெல்லாம் என்ன பிரச்சினை?"

"அரிப்புங்க" என்றார் சலவைக்காரர். அழுக்குத் துணிகளை மூட்டை கட்டி வெளிச் சலவைக்கு அனுப்புகிற அவருக்கு இப்போது இடுப்புக்குக் கீழேயும் வந்துவிட்டது.

"அந்த வார்த்தையே தப்பு" என்றார் அம்மையார் கனிவாக. "அரிப்புன்னு சொல்றதாலதான் அரிக்குது. இத்தனை வருஷமா உங்க தோல் தூங்கிக்கிட்டு இருந்துச்சு. இப்பதான் முழிச்சிருக்கு. இனிமே விழிப்புணர்வுன்னு சொல்லுங்க. எங்க, எல்லாரும் ஒருதடவை சொல்லுங்க பார்க்கலாம்."

எல்லாரும் சொன்னார்கள்.

"இப்ப சொல்லுங்க. உங்களுக்கு என்ன?"

"தொடையிடுக்குல பயங்கர விழிப்புணர்வுங்க மேடம்" என்றார் சலவைக்காரர். "ராத்திரியெல்லாம் பொண்டாட்டியத் தூங்க விடல. விடியவிடிய விழிப்புணர்வு."

அம்மையார் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். பொறுமையக்காவின் பருத்திக் கையுறையைக் கண்டதும்தான் முகம் சுருங்கியது. துணிக்கும் தோலுக்கும் நடுவே சுவர் எழுப்புவது பேரவையின்மேல் வைத்த அவநம்பிக்கை என்று சொல்லி, இரண்டு விரல் நுனியால் கையுறையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார். போகும்போது, விழிப்புணர்வு அதிகமாக இருப்பவர்கள் பூசிக்கொள்ள ஆறுதல் களிம்பு என்று ஒரு பெட்டி நிறைய டப்பாக்களை வைத்துவிட்டுப் போனார்.

பொறுமையக்கா ஒரு டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் வாசித்தாள். மூடியைத் திறக்காமலே கீழே வைத்தாள்.

"என்னக்கா?"

"இதுலயும் அவன்தான்பா இருக்கான்."

அதன்பிறகு அவள் ஒரு குற்றம் செய்தாள். தனக்குக் குடிக்க வந்த தண்ணீரைக் குடிக்காமல் வைத்திருந்து, துவைத்த பழந்துணியில் நனைத்து, டிரைவர் ஐயாவின் முதுகை ஒற்றி ஒற்றித் துடைத்தாள். தேய்க்கவில்லை, ஒற்றினாள். அவர் முகம் அப்போது தளர்ந்ததை அவள் பார்த்தாள். மறுநாளும் அப்படியே. ஒரு கோப்பைத் தண்ணீர் ஒரு தோள்பட்டைக்குத்தான் வரும். ஆகவே வலது தோள், அடுத்து இடது தோள், அடுத்து நடுமுதுகு என்று தாகத்தோடு வேலை செய்தாள். சில நாள்களில் சலவைக்காரரும் தன் கோப்பையைப் பேசாமல் அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார். தோள் இரண்டும் கொஞ்சம் ஆறியது. அந்த ஆறின தோள்தான் அவளைக் காட்டிக்கொடுத்தது. பயிற்சித் தூய்மையர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, இந்த இடத்தில் மட்டும் விழிப்புணர்வு ஏன் குறைந்தது என்று மேலே போய்ச் சொல்லிவிட்டார்.

குடிநீரை வெளிப்புறமாகப் பயன்படுத்தியது என்பது குற்றச்சாட்டு. விசாரணை மாடியில், நீளமான கறுப்பு மேசை போட்ட அறையில் நடந்தது. டிரைவர் ஐயாவையும் நாற்காலியோடு தூக்கி வந்திருந்தார்கள். தூய்மையர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் தங்க எழுத்துப் போட்ட உயர்ரக ஈரத்துணிப் பெட்டி. பேசுவதற்கு முன் ஒன்று, பேசிய பின் ஒன்று என்று கையைத் துடைத்துக்கொண்டார்கள். அறையில் ஏதோ ஒரு சத்தம் இடைவிடாமல் கேட்டது. சரக், சரக், சரக். எலியாக இருக்கும் என்றுதான் பொறுமையக்கா முதலில் நினைத்தாள். குனிந்த தலையோடு நின்றிருந்ததால் மேசைக்கு அடியில் என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. தலைமைத் தூய்மையர் வலது கையால் இடது கையைச் சொறிந்துகொண்டிருந்தார். துணைத் தூய்மையர் நாற்காலி விளிம்பில் விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். உணர்வுத் திருத்த அம்மையார் பேனாவை விரலிடுக்கில் விட்டு, ரத்தம் வரும்வரை கிளறிக்கொண்டிருந்தார். மேசைக்கு மேலே எல்லார் முகத்திலும் பூவாசனை மிதந்தது.

நடுவில் பிஸ்கட் தட்டு ஒன்று வந்தது. கறுப்பு மேசையில் வெள்ளை வெள்ளையாகத் துகள் உதிர்ந்து கிடந்தது. பிஸ்கட் தூளா, தோலா, யாருக்கும் தெரியாது. இணைத் தூய்மையர் சிக்கனக்காரர். ஈர விரலால் அதை ஒற்றி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பொறுமையக்காவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. மூத்திரத்தையும் மலத்தையும் சீழையும் ஆண்டுக்கணக்காகக் கழுவியவள் அவள். ஒருநாளும் அவளுக்குக் குமட்டியதில்லை.

"ஐயா" என்று தலைமைத் தூய்மையர் டிரைவர் ஐயாவைப் பார்த்துக் கேட்டார். "பேரவை கொடுக்கிற துணி உங்களுக்குச் சரியா?"

"சரி" என்றார் டிரைவர் ஐயா. கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"ஆனந்தக் கண்ணீர்" என்றார் அம்மையார்.

"சார், அவருக்கு அந்த ஒரு வார்த்தைதான் வரும்" என்றாள் பொறுமையக்கா. "தீ வைக்கட்டுமான்னு கேட்டாலும் சரின்னுதான் சொல்லுவார்."

"அந்தக் கேள்வியைக் கேட்க இந்தக் கூட்டத்துக்கு அதிகாரம் இல்ல" என்றார் தலைமைத் தூய்மையர். "அதுக்குத் தனிக் கூட்டம் போடணும். இதோ பாரும்மா, எனக்கு ஒண்ணும் உன்மேல கோபம் இல்ல. இந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தவன் நான். இது தப்புன்னா நான் தப்புன்னு ஆயிடும். நான் தப்பா இருக்க முடியாது, ஏன்னா என்னைத் தேர்ந்தெடுத்தது பேரவை. பேரவை தப்பா இருக்க முடியாது, ஏன்னா அதுக்குத் தலைவன் நான். இதுக்குள்ள ஒரு முதுகு எங்கே வருது, சொல்லு?"

அந்தச் சுற்றுக்குள் முதுகு வர உண்மையிலேயே இடம் இல்லை.

தீர்ப்பு இப்படி வந்தது. இன்னொரு முறை தண்ணீரைத் தொட்டால் அவளுக்கு வேலை போய்விடும். டிரைவர் ஐயாவோ, எதைக் கேட்டாலும் சரி என்று ஒத்துழைக்கிற பண்பினால், அந்த ஆண்டின் மாசற்ற மேனி விருதுக்குத் தேர்வாகியிருக்கிறார். விருது விழா முடிந்ததும் அவரை மாடியில் தனியறைக்கு மாற்றுவார்கள். அங்கே, மற்றவர்களுக்கு முன்மாதிரியாக, மணிக்கொருமுறை ஈரத்துணியால் துடைப்பார்கள். பொறுமையக்கா அங்கே வரக் கூடாது.

மணிக்கொருமுறை. அவள் அதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். அந்த முதுகு அதைத் தாங்காது. அது அவளுக்குத் தெரியும், அந்த முதுகுக்கும் தெரியும், மாடிக்குத் தெரியாது.

அன்று வீட்டில் கணவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டார். "வேலை போனா போகட்டும்னு இருக்கியா?"

"என் வேலை போனாப் பரவாயில்லங்க. நீங்க தைக்கிறீங்க, எப்படியோ சாப்பிடுவோம். நான் போயிட்டா அவரை யாரு பார்ப்பா? வேலையில இருந்தாலும் மாடிக்கு விடமாட்டாங்க. என்ன செய்யறதுன்னே தெரியல."

"ஒண்ணும் தெரியலன்னா, கண்ணு முன்னாடி இருக்கிறதைச் செய்" என்றார் அவர். வேறு பெரிய உபதேசம் எதுவும் அவரிடம் இல்லை.

விழா நாளன்று டிரைவர் ஐயாவுக்குப் புதுச் சட்டை போட்டார்கள். வெள்ளைச் சட்டை. அதற்குள் முதுகு நிறைய முகப்பவுடரைக் கொட்டியிருந்தார்கள். தலைநகரிலிருந்து ஒரு பெரிய அதிகாரி சிறப்பு விருந்தினராக வந்தார். வெயில் நேரம். மேடையில் அவருக்காக ஒரே ஒரு கண்ணாடிப் புட்டியில் தண்ணீர். மற்றவர்கள் குடித்தால் கட்டுப்பாடு குலையும் என்று யாருக்கும் வைக்கவில்லை. தலைமைத் தூய்மையர் நெடுநேரம் பேசினார். உலகமே இந்த இல்லத்தைப் பார்த்து மூக்கில் விரல் வைக்கிறது என்றார். முன்வரிசையில் இருந்தவர்கள் உண்மையாகவே மூக்கில் விரல் வைத்திருந்தார்கள். டிரைவர் ஐயாவிடமிருந்து வாடை வந்துகொண்டிருந்தது. உட்கார வைத்த நேரமெல்லாம் சட்டைக்கு உள்ளே பவுடரும் சீழும் வேர்வையும் குழைந்து, வெள்ளைத் துணியின்மேல் மஞ்சளாக ஒரு தீவு கிளம்பி, மெதுவாக விரிந்துகொண்டிருந்தது. பின்னால் நின்ற பொறுமையக்காவுக்கு மட்டும்தான் அது தெரிந்தது.

"இப்ப நம்ம பணியாளர் ஒருத்தங்க, விருதாளரை ஈரத்துணியால துடைச்சுக் காட்டுவாங்க!"

அவள் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தார்கள். அதற்குள் படம் பிடிப்பவர், விருந்தினர் விருதாளரைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி ஒரு படம் வேண்டும் என்றார். விருந்தினர் எழுந்து வந்து, முகத்தைப் படத்துக்கு ஏற்றபடி வைத்துக்கொண்டு, டிரைவர் ஐயாவின் முதுகில் பலமாகத் தட்டினார்.

சதக் என்று ஒரு சத்தம் கேட்டது. டிரைவர் ஐயா தொண்டைக்குள்ளிருந்து ஒரு மிருகம்போல அலறினார். இத்தனை நாளில் அவர் 'சரி' என்று சொல்லாதது அதுதான் முதல் தடவை.

விருந்தினர் கையை எடுத்துப் பார்த்தார். உள்ளங்கை முழுக்க மஞ்சளும் சிவப்புமாக, நூல் நூலாக வழிந்தது. "ஐயய்ய! என்னய்யா இது!"

"துணி, துணி!" என்று தூய்மையர்கள் எல்லாரும் ஆளுக்கொரு ஈரத்துணியை உருவிக்கொண்டு பாய்ந்தார்கள். நீட்டிய கைகளைப் பார்த்ததும் விருந்தினர் இரண்டடி பின்னால் போனார். அத்தனை கைகளும் வெடித்து, பொருக்குக் கட்டி, நீர் வடிந்துகொண்டிருந்தன.

"கிட்ட வராதீங்க! யாருக்குய்யா வேணும் உங்க துணி? தண்ணி! தண்ணி எங்க?"

தண்ணீர்ப் புட்டி அப்போது பொறுமையக்காவின் கையில் இருந்தது. பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டு அதை எடுத்திருந்தாள். முதுகோடு ஒட்டிப்போன சட்டையை இழுத்தால் தோலும் சேர்ந்து வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். காலரைச் சற்றே விலக்கி, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா! அதை இங்க ஊத்து!" விருந்தினர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். "சீக்கிரம்! கையில ஊத்து!"

புட்டியில் இன்னும் இரண்டு மடக்குத்தான் இருந்தது. தலைமைத் தூய்மையர் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அவளுடைய வேலை இருந்தது.

"இவருக்கு முதல்லங்க ஐயா" என்றாள் பொறுமையக்கா. "உங்களுக்கு அழுக்குத்தான் பட்டிருக்கு. இவருக்கு உயிர் எரியுது." மிச்சத்தையும் அந்த முதுகில் ஊற்றினாள்.

விருந்தினர் முகம் கறுத்தது. தலைமைத் தூய்மையர் பக்கம் திரும்பினார். பெரிய மனிதர்கள் சின்னவர்களிடம் கோபப்படுவதில்லை, சின்னவர்களை வைத்திருப்பவர்களிடம்தான் கோபப்படுவார்கள். "இவ்வளவு பெரிய கட்டடத்துல ஒரு மனுஷன் கை கழுவத் தண்ணி இல்லையா? என்ன நிர்வாகம் நடத்துறீங்க? ஒரு குழாய்கூடவா இல்ல? திறங்கய்யா!"

முதியவர்களின் கூடங்கள் முழுக்கக் கேட்டுக் கேட்டு ஓய்ந்த ஒன்றை, அதிகாரத்திலிருந்து ஒரு வாய் கேட்டதும் உலகமே ஓடியது. பின்கட்டுப் பூட்டு துருப்பிடித்திருந்தது. தலைமைத் தூய்மையர் சாவியைப் போட்டார், விரல் மடங்கவில்லை. சலவைக்காரர் அதை வாங்கித் திருகினார். குழாய் இருமியது, காற்றைக் கக்கியது, பழுப்பாகக் கொஞ்சம் துப்பியது. அப்புறம் தெளிந்து, தடிமனாக, இடைவிடாமல் கொட்டியது. விருந்தினர் முழங்கைவரை கழுவிக்கொண்டு, யாருக்கும் விருது கொடுக்காமல், யார் கையையும் குலுக்காமல், காரில் ஏறிப் போய்விட்டார்.

பூட்டைத் திரும்பப் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதற்குள், பின்கட்டில் வாளியும் குடமும் போகணியும் பெட்பானுமாக வரிசை நின்றுவிட்டது. பொறுமையக்கா முதல் வாளியோடு டிரைவர் ஐயாவிடம் போனாள். நனைத்து நனைத்துச் சட்டையைக் கழற்றினாள். சட்டை தனியாக வந்தது. தோல் அவரிடமே இருந்தது. தண்ணீர் தெளிவாக ஓடுகிறவரை ஊற்றினாள். துவைத்த தலையணை உறையால் ஒற்றி எடுத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். தலை சாய்ந்த உடனே அவர் தூங்கிவிட்டார். மெத்தையில் முதுகைத் தேய்க்காமல் தூங்கினார். அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, அடுத்த கட்டிலில் இருந்தவருக்காக வாளியை எடுத்துக்கொண்டு திரும்ப வந்தாள்.

வரிசை நகரவில்லை. குழாயடியில் தலைமைத் தூய்மையர் குந்தியிருந்தார். சட்டைக்கையை மடித்துவிட்டிருந்தார். முழங்கைவரை தோல் செதில் செதிலாக நின்றது. இரண்டு கைகளையும் தண்ணீரின் வேகத்துக்குக் கீழே கொண்டுபோவார், விண்ணென்று வலித்ததும் இழுத்துக்கொள்வார், மறுபடி கொண்டுபோவார். சாக்கடை வாயில் தோல் துணுக்குகள் சுழன்றன.

"சார், வரிசைல வாங்க" என்றார் பின்னாலிருந்து சலவைக்காரர். "எங்களுக்கும் விழிப்புணர்வு இருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். அது நல்ல சிரிப்பு இல்லை. பொறுமையக்காவுக்கும் அந்த ஆளைப் பார்க்க அருவருப்பாகத்தான் இருந்தது. கையைப் பார்த்து அல்ல. மேசையையும் பிஸ்கட்டையும் நினைத்தாள். மணிக்கொருமுறை என்று சொன்ன வாயை நினைத்தாள். அப்படியே கண்ணை மூடி ஒரு நிமிடம் நின்றாள். பிறகு வாளியை வைத்துவிட்டு, குவளையில் தண்ணீர் பிடித்து, அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"குழாய்ல நேராக் காட்டாதீங்க சார். வலிக்கும். இப்படிக் குடுங்க." அவர் கையைக் கீழே தாங்கிப் பிடித்து, மணிக்கட்டிலிருந்து விரலுக்கு, நூல்போல ஊற்றினாள். "பொறுமையா. பொறுமையா."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். வாயைத் திறந்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நினைத்தார்கள்.

"நாளைக்குக் காலையில உன்கிட்ட விளக்கம் கேட்போம்" என்றார் தலைமைத் தூய்மையர்.

"கேளுங்க சார்" என்றாள் பொறுமையக்கா. "இப்ப அந்தக் கையையும் குடுங்க."